அழகம்மாள்

பெண் குழந்தைக்கு 'அழகம்மாள்' என்று பெயர் வைப்பவர்களை இன்று காண்பது அரிது. பாட்டிமார் பெயர் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். கேட்டவுடன், பெற்றவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பூரித்து வைத்த பெயர் என்று தோன்றும். அப்படியன்று. தொட்டிலில் கிடக்கும் பச்சைச் சிசு பின்னால் எப்படி இருக்கும் என்று யார் கண்டார்கள்? அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய அந்த வானம் பார்த்த பூமியில், அழகு என்பது தெய்வத்தின் பெயர்.

பாண்டி நாட்டாருக்கு இது ஒரு பித்து என்றே சொல்லுவேன். திருமாலிருஞ்சோலைப் பெருமாள் அவர்களுக்கு அழகர், வடமொழியில் சுந்தரராஜன். மதுரைச் சிவபெருமான் சொக்கன், வடமொழியில் சுந்தரேசுவரர். சொக்கு என்றாலும் அழகுதான். ஆகவே அழகர்சாமி, சொக்கலிங்கம், சொக்கம்மாள், சுந்தரம், சௌந்தரம், செட்டிநாட்டு அழகம்மை எல்லோரும் ஒரே சொல்லின் பிள்ளைகள். குண்டாற்றங்கரையில் இருக்கும் திருச்சுழியைத் தேவாரத்தில் பாடியவர்கூடச் சுந்தரர்தாம்! மழை பொய்க்கும் கரிசலில், கருவேலங்காட்டுக்கு நடுவே, மனிதர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் தாராளமாகச் செலவழித்திருக்கிறார்கள்.

இந்தப் பெயரோடு திருச்சுழிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார் ஓர் அம்மையார். பிறந்தகம் மானாமதுரைக்கு அருகில் உள்ள பாசலை. சித்திரையில் மானாமதுரையிலும் வீர அழகர் வைகையில் இறங்குவார். கணவர் திருச்சுழியில் வக்கீல் தொழில் செய்த சுந்தரம் ஐயர்.

பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். கணவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது என்பது அக்காலத்து வழக்கம். அந்தப் பெயரைத் தமிழில் பெயர்த்தால் தம் பெயரே வந்து நிற்கும்படி இந்த அம்மையாருக்கு அமைந்துவிட்டது! ஜாதகப் பொருத்தம் பார்த்தவர்கள் இதைக் கவனித்தார்களோ என்னவோ.

நாகசுவாமி, வேங்கடராமன், நாகசுந்தரம் என்று மூன்று பிள்ளைகள். அலமேலு என்று ஒரு பெண். 1892-ல் சுந்தரம் ஐயர் காலமானார். 1896-ல் பதினாறு வயது வேங்கடராமன் வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். அவனே பின்னாளில் ரமண மகரிஷி. 1898-ல் தாய் அங்கே போய் அழுதார், கெஞ்சினார். மகன் வாய் திறக்கவில்லை. உடன் இருந்தவர்கள் வற்புறுத்தவே, விதிப்படிதான் நடக்கும் என்ற கருத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தாய் தனியே ஊர் திரும்பினார். ஞானிகளிடம் எனக்கு மதிப்பு உண்டு; ஆயினும் இந்த இடத்தில் என் மனம் தாயின் பக்கமே நிற்கிறது.

அம்மையார் 1916-ல் மகனோடேயே வந்து தங்கினார். 1922-ல் அங்கேயே கண்மூடினார். அந்தக் குடும்பத்தில் பெயர்கள் தங்கவில்லை. வேங்கடராமன் ரமணரானார். துறவு பூண்ட தம்பி நாகசுந்தரம் நிரஞ்சனானந்தர் ஆனார். தாயின் சமாதிமேல் வைத்த லிங்கத்துக்கு மாத்ருபூதேசுவரர் என்று பெயர். 1949-ல் அந்த ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கம்பீரமான பெயர்தான். ஆனால் அதில் தாய் என்ற உறவு இருக்கிறதே ஒழிய, பாசலையில் பெற்றவர்கள் கூப்பிட்ட பெயர் இல்லை. திருச்சுழியில் ரமணர் பிறந்த வீட்டுக்கும் 'சுந்தர மந்திரம்' என்றே பெயர்.

பிறகு அழகம்மாள் எங்கே போனார்? மகனுடைய பாட்டுக்குள் போயிருக்கிறார். விரூபாட்ச குகையில் வாழ்ந்த நாட்களில், பிச்சைக்குப் போகும் அடியார்கள் பாடிக்கொண்டு போவதற்காக ரமணர் இயற்றியது அக்ஷரமணமாலை, 108 கண்ணிகள். அதில் இரண்டாவது கண்ணியில், அருணாசலமும் தாமும் பிரிவில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறார். அதற்கு அவர் தேடிய உவமை என்ன? மலரும் மணமும் அன்று. உடலும் உயிரும் அன்று. அழகு, சுந்தரம் என்ற இரண்டு சொற்கள். ஒலி வேறு, பொருள் ஒன்று. அவை பெற்றோரின் பெயர்கள் என்று அடியார்கள் எடுத்துச் சொல்வார்கள். 1898-ல் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, தாயின் பெயரைத் தந்தையின் பெயரோடு சேர்த்து, அதுவும் தாயின் பெயரை முன்னால் வைத்து, கடவுளிடம் சொல்லியிருக்கிறார்.

இன்றும் அந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள், திருச்சுழிப் பக்கமே தலை காட்டாதவர்களாக இருந்தாலும், அழகம்மாளையும் சுந்தரம் ஐயரையும் ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத்தான் மூன்றாவது கண்ணிக்குப் போகிறார்கள்.