ஒரு சொல்லின் வீழ்ச்சி

ஆங்கிலம் கற்கும் மாணவன் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் பெயரடைகளுள் ‘மீன்’ என்பதும் ஒன்று. நம் செவிக்குக் கயலையும் விண்மீனையும் நினைவூட்டும் இவ்வொலி, ஆங்கிலத்திலே பெரும்பாலும் இழிவையே உணர்த்துகின்றது. ஈயாத உலோபியும், அற்பச் செயல் புரிபவனும், பிறரை வருத்துபவனும் இவ்வடையாலேயே சுட்டப்படுகின்றனர். ஆயின், இச்சொல்லின் தோற்றுவாயை ஆராயப் புகுவோமாயின் வியப்பே மேலிடும். இதன் முதற்பொருள் ‘பொதுவான’ என்பதாகும்.

பழைய ஆங்கிலத்தில் ‘யெமேனெ’ என வழங்கிய இச்சொல், பலர்க்கும் உரியதனை, பலரும் பகிர்ந்து கொள்வதனைக் குறித்தது. ஜேர்மன் மொழியின் ‘கெமைன்’ இதன் உடன்பிறப்பு. சமூகம் எனப் பொருள்படும் ‘கெமைன்ஷாப்ட்’ அதனடியாகப் பிறந்ததே. இலத்தீன் மொழியின் ‘கொம்மூனிஸ்’ என்பதும் இதே தொன்மையான வேரினின்றும் கிளைத்ததென மொழிநூலார் கொள்வர். அவ்வழியே ‘கொமன்’ என்ற சொல்லும், பல நூற்றாண்டுகளின் பின் ‘கொம்யூனிஸம்’ என்ற சொல்லும் தோன்றின. உலோபியைச் சுட்டும் சொல்லும் பொதுவுடைமையைச் சுட்டும் சொல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை!

இவ்வீழ்ச்சி எவ்வாறு நேர்ந்தது? 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். ஆள்வோர் மொழி பிரெஞ்சாகவும் உழுவோர் மொழி ஆங்கிலமாகவும் பிரிந்து நின்றன. ‘பொது’ என்ற பொருளைப் பிரெஞ்சு வழிவந்த ‘கொமன்’ படிப்படியாகத் தனதாக்கிக்கொண்டது. பழஞ்சொல்லோ கீழ்நோக்கிச் சென்றது. பலர்க்கும் பொதுவானது சாதாரணமானது, சாதாரணமானது தாழ்ந்தது, தாழ்ந்த குடியிற் பிறந்தவன் தாழ்ந்த உள்ளமுடையவன். நிலமானியச் சமுதாயத்தின் தருக்கம் இவ்வாறு படியிறங்கிற்று. 14ஆம் நூற்றாண்டளவில் இச்சொல் குடியாற் குறைந்தோரைச் சுட்டலாயிற்று. 1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட அகராதியிலே தாழ்ந்த பிறப்பும் இழிந்த மனமும் இவ்வொரு சொல்லின் கீழேயே இடம்பெற்றன. கொடுமை என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டிலே அமெரிக்க வழக்கிற் பரவியது.

சொற்பொருள் மாற்றம் யாவற்றையும் வர்க்க முரண்பாட்டின் நேர்விளைவெனக் கூறுதல் இயந்திரப் பார்வையாகும் என்பதை நாம் மறக்கலாகாது. ‘நடுத்தரம்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லொன்று ஒலியால் இதனோடு ஒன்றியமையும் இவ்வீழ்ச்சிக்குத் துணைபுரிந்தது. ஆயினும் வேறு சொற்களையும் உடன்வைத்து நோக்குக. பண்ணை நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவனின் பெயரே ‘வில்லன்’ ஆயிற்று. நற்குடிப் பிறந்தோன் எனப் பொருள்பட்ட ‘ஜென்ரில்’ என்ற அடையோ மென்மைக்கும் பண்புக்கும் பெயராயிற்று. உழைத்தவன் பெயர் வசையாகவும் உடையவன் பெயர் வாழ்த்தாகவும் மாறியமை தற்செயலாகுமா?

சொல்லிலே ‘பொது’ இழிவுற்ற அந்நாட்டிலே, நிலத்திலும் பொதுவுரிமை நிலைக்கவில்லை. 1649இல் ஜெரார்ட் வின்ஸ்ரன்லியும் தோழர்களும் சரே மாவட்டத்தின் சென் ஜோர்ஜ் குன்றிலே பொது நிலத்தைக் கொத்திப் பயிரிட்டனர். நிலம் மக்கள் யாவர்க்கும் பொது என்பதே அவர்தம் கொள்கை. நிலவுடைமையாளரின் தாக்குதலால் அடுத்த ஆண்டிலேயே அவர்களது முயற்சி முறியடிக்கப்பட்டது. 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அவை தழுவிய நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்று மேல். ஊரார் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நிலங்கள் பலவும் இவ்வாறே தனியுடைமையாயின.

பகிர்வதைக் குறித்த சொல் இன்று பகிராதவனைக் குறிக்கின்றது. ஏழை உழவனை இழித்துரைத்த அச்சொல், இறுதியில் கைப்பொருளை இறுகப் பற்றியிருப்பவனையே சென்றடைந்துள்ளது. வேலியிட்டவனுக்கு அது பொருந்தாத பெயரன்று. வகுப்பறையிலே இச்சொல்லின் பொருளை எழுதிப்போடும் ஆசிரியர்கள், அதன் வரலாற்றையும் இரண்டொரு வரிகளிற் கூறுவார்களாயின், அகராதியும் மனிதர் ஆக்கிய நூலே என்பதை மாணவர் உணர்வர்.