செட்டியார் பார்க்காத உச்சி

ஊரிலிருந்து பிழைக்க வருகிறவன் பையும் கையுமாகப் பட்டணத்தில் இறங்குவதைத் தமிழ்ப் படங்கள் எத்தனையோ முறை காட்டியிருக்கின்றன. முதலில் சென்ட்ரல் ஸ்டேஷன் வரும். அடுத்து மவுண்ட் ரோட்டில் அண்ணாந்து பார்க்கும் ஒரு முகம், அதற்கு மேலே எல்.ஐ.சி. கட்டடம். வந்து சேர்ந்த ஊர் எது என்று சொல்ல அதற்குப் பிறகு வசனம் தேவைப்படவில்லை.

அந்தக் கட்டடத்துக்குக் கடைக்கால் எடுத்தபோது எல்.ஐ.சி. என்ற நிறுவனமே கிடையாது. 1906-இல் சென்னையில் பிறந்த யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகமாகத்தான் 1953-இல் வேலை தொடங்கியது. அந்த எண்ணத்துக்குச் சொந்தக்காரர் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் அவர். கடல் கடந்து கணக்குப் பார்த்த மனிதருக்கு மாடிமேல் மாடி அடுக்கத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கும்போது நேர்ந்த விபத்தில் செட்டியார் இறந்துபோனார். வயது 45. கட்டடம் அப்போது தரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்த பருவம். அதன் உச்சியை அவர் பார்க்கவே இல்லை என்பதை இன்றைக்கு எழுதும்போதும் மனம் கனக்கிறது.

இரண்டு ஆண்டுகளில் நிறுவனமும் கை மாறியது. 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. செப்டம்பர் 1 அன்று, 245 நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி, ஐந்து கோடி ரூபாய் மூலதனத்தில் எல்.ஐ.சி. உருவானது. பாதியில் நின்ற கட்டடமும் அந்தச் சீதனத்தோடு வந்து சேர்ந்தது. லண்டன் கட்டடக்கலைஞர்களான பிரவுனும் மூலினும் வரைந்த திட்டத்தை, அவர்கள் விலகிய பிறகு, சென்னையின் எல். எம். சித்தாலே முடித்துக்கொடுத்தார்.

அதன் பாணியைப் புரிந்துகொள்ள அதே சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் நாட்டுடைமையின்போது எல்.ஐ.சி.க்கு வந்ததுதான். அது இந்தோ-சாரசனிக் பாணி. கும்பமட்டம், கூர்முனைக் கோபுரம், வளைவு என்று கண் நிற்க இடமில்லாத அலங்காரம். அந்தக் காலத்து மெட்ராஸ் செங்கலையும் சுண்ணாம்புக் காரையையும் நம்பியது. சுவரே பாரம் தாங்கும்; உயரம் கூடினால் அடிச்சுவர் தடித்துக்கொண்டே போகும். பதினைந்து மாடிக்கு அந்த வழி உதவாது. இங்கே கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் சுமையை வாங்கிக்கொள்ள, சுவர் வெறும் போர்வையானது. நியூயார்க்கில் ஐ.நா. தலைமைச் செயலகம் அப்போது உலகுக்குக் காட்டிய பாணி இது. ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போன்ற வடிவம். முகப்பில் செங்குத்தாக ஓடும் கோடுகள். வளைவு இல்லை, கும்பமட்டம் இல்லை. இதை அழகில்லாத பெட்டி என்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். எது தாங்குகிறது, எது மூடுகிறது என்பதை மறைக்காமல் சொல்வதும் ஓர் அழகுதான்.

சுமார் 87 லட்சம் ரூபாய் செலவில் 177 அடி உயர்ந்த கட்டடத்தை 1959 ஆகஸ்ட் 23 அன்று மத்திய நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். அன்றைக்கு இந்தியாவிலேயே அதுதான் உயரம். 1961-இல் பம்பாய் முந்திக்கொண்டாலும், சென்னையில் அதை மிஞ்ச ஆளில்லாமல் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. 1975-இல் பெரும் தீ பிடித்தது. ஊரே திரண்டு பார்த்தது. பிறகு செப்பனிட்டார்கள், மறுபடியும் அலுவல் நடந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எல்.ஐ.சி. என்ற பெயர் எப்போதோ ஒட்டிக்கொண்டது. பின்னர் மெட்ரோ ரயில் வந்தபோது, சாலைக்கு அடியில் அமைந்த நிலையத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்தத் தடத்தைத் திறந்துவைத்த நாள் 2019 பிப்ரவரி 10. செட்டியார் மூன்று ஊர்களில் வங்கி திறந்ததும் ஒரு பிப்ரவரி 10-இல்தான்.