துரோகோதெர்மா தார்சலே ஆய்வு வரலாறு

துரோகோதெர்மா தார்சலே என்பது தோல்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறிய வண்டு ஆகும். இதன் பேரினப் பெயர் 'தோலைக் கொறிப்பது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைக்கப்படும் உலர்ந்த பூச்சி மாதிரிகளை இதன் புழுக்கள் அரித்துத் தூளாக்குகின்றன.

அமெரிக்க விலங்கியலாளர் வோட்செடாலெக் 1912இல் இவ்வண்டின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். உணவில்லாமல் புழுக்கள் எவ்வளவு காலம் உயிர்வாழும் என்பதையும் அவர் சோதித்தார். இதன் முடிவு 1917இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கடைசிப் புழு 5 ஆண்டுகள், 1 மாதம், 29 நாட்கள் உயிரோடிருந்தது! பட்டினியின்போது புழுக்கள் தோலுரித்துக்கொண்டே சிறுத்தன. நன்கு வளர்ந்திருந்த புழுக்கள் 600இல் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. மீண்டும் உணவு கிடைத்ததும் வளர்ந்தன. உணவை நிறுத்தியதும் மறுபடி சிறுத்தன. ஆகவே, மாதிரிப் பெட்டியைப் பல ஆண்டுகள் காலியாக மூடி வைத்தாலும் புழுக்கள் அழிந்துவிடும் என நம்ப இயலாது.

இத்தகைய வியப்பான முடிவுக்குப் பிறகும் பூச்சியியலாளர்களின் கவனம் பெரும்பாலும் இதே பேரினத்தைச் சேர்ந்த, இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிய கப்ரா வண்டின் மீதே சென்றது. அது சேமிப்புத் தானியத்தை அழிப்பது. 1953இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டதும் பெரும் ஒழிப்பு முயற்சி தொடங்கியது. அரசுகளுக்கு அருங்காட்சியகப் பூச்சிகளைவிடக் கோதுமையே முதன்மையாக இருந்தது.

பின்னோக்கிய தோலுரிப்பு 1971இல் மீண்டும் விரிவாக ஆராயப்பட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் இசுடான்லி பெக் அதற்குத் தேர்ந்தெடுத்தது துரோகோதெர்மா கிளாப்ரம் என்னும் வேறொரு சிற்றினத்தையே ஆகும்.