வெள்ளைப் பாவாடையும் கேஸ் விளக்கும்

பாலே நடனம் ஆடும் பெண்கள் இடுப்பைச் சுற்றித் தட்டு மாதிரி விரிந்து நிற்கும் ஒரு குட்டைப் பாவாடை போட்டிருப்பார்களே, படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதற்கு டூட்டூ என்று பெயர். "உமக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்தவன் நான். துணிகள் தீப்பிடிப்பதைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் இந்தப் பாவாடையின் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன். அழகான கதைதான். ஆனால் நடுவில் ஒரு முப்பது வருஷம் படிக்கவே கஷ்டமாக இருக்கும்.

ஆரம்பத்தில் இது குட்டைப் பாவாடையே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் ஆப்பெரா மேடையில் பெண்கள் தரை வரை புரளும் கனத்த பட்டு உடையில், உள்ளே வளையம் வைத்து, அரண்மனைச் சீமாட்டி போலத்தான் ஆடினார்கள். துள்ளுவதும் காலை வீசுவதும் ஆண்களின் பாடு. மரி கமார்கோ என்ற நடனப் பெண் 1726-இல் அங்கே வந்து சேர்ந்தார். ஆண்கள் போலவே எம்பி, காற்றிலேயே இரண்டு காலையும் குறுக்கும் நெடுக்குமாக அடித்து இறங்குவார். இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்வது யார் கண்ணிலும் படவில்லை என்றால் என்ன பிரயோஜனம்? பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டார். ஊரே கூடி அதைப் பற்றிச் சண்டை போட்டது. அவருடைய போட்டியாளர் மரி சாலே 1734-இல் லண்டனில் ஒரு படி மேலே போய், வளையத்தையே கழற்றி எறிந்துவிட்டு வெறும் மஸ்லின் துணியில், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடினார். மஸ்லின் என்றால் நம் மல் துணி வகைதான்.

இன்றைய டூட்டூவின் பிறந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 1832 மார்ச் 12. அன்றுதான் பாரிஸ் ஆப்பெராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியது. ஸ்காட்லாந்து நாட்டு விவசாயி ஒருவன், கல்யாணத்தன்று, காற்றில் வாழும் ஒரு தேவதையின் பின்னால் ஓடிப்போகிற கதை. தேவதையாக ஆடியவர் மரி தக்லியோனி. ஆட்டத்தை அமைத்தவர் அவருடைய அப்பா. கால்விரல் நுனியில் நின்று ஆடிய தக்லியோனிக்கு, மணி கவிழ்த்தது போல முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் வெள்ளைப் பாவாடை. அதை வடிவமைத்தவர் யூஜின் லாமி என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பா முழுவதும் பாலே என்றாலே வெள்ளைப் பாவாடைதான்.

இந்த வெள்ளைக்கு இரண்டு யந்திரங்கள் துணை செய்தன. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் 1809 வாக்கிலேயே வலைத்துணி நெய்யும் யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கையால் பின்னிக்கொண்டிருந்த, கொசுவலையைவிட மெல்லிய துணி கஜக்கணக்கில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. இன்னொன்று கேஸ் விளக்கு. பாரிஸ் ஆப்பெராவில் அது 1822-இல் வந்தது. மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு மாதிரி இல்லை. குழாயைத் திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். மேடையை நிலவொளி போல மங்கலாக்கி, பின்னணியில் வெள்ளை உடையில் முப்பது பெண்களை நிறுத்தினால் பனி மூட்டம் நகர்கிற மாதிரி இருக்கும். பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள்.

ஆனால் அந்தக் கேஸ் விளக்கு வெறும் தீ நாக்கு. இன்றைய அடுப்பு பர்னரை வரிசையாகச் சுவரிலும், மேடை முன்னாலும், பக்கத் திரைகளுக்குப் பின்னாலும் ஏற்றி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அருகில் பல அடுக்கு மெல்லிய பருத்தி, கஞ்சி போட்டு விறைப்பாக. துணி எரியக் காற்று வேண்டும். கனத்த துணியில் காற்று உள்ளே புகாது, மெதுவாகப் புகையும். அடுக்குக்கு அடுக்கு இடைவெளி விட்ட வலைத்துணியிலோ ஒவ்வொரு நூலையும் சுற்றிக் காற்று இருக்கிறது. தீ கீழிருந்து மேலே ஏற சில விநாடிகள் போதும். போதாக்குறைக்கு, பற்றிக்கொண்டவர் பயத்தில் ஓடுவார். ஓடினால் இன்னும் காற்று. சமையலறையில் சேலைத் தலைப்பு பற்றிய எத்தனையோ வீடுகளுக்கு நாங்கள் போயிருக்கிறோம். அநேகமாக எல்லோரும் ஓடித்தான் இருந்தார்கள்.

1844 டிசம்பர் 14 அன்று லண்டன் டுரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனப் பெண்ணுக்கு அதுதான் நேர்ந்தது. மேடையிலேயே, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கூட ஆடியவர்களும் அதே உடையில் இருந்தார்கள், கிட்டே போக முடியுமா? மூன்று நாளில் இறந்துபோனார். 1861 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கேல் சகோதரிகள் நால்வர். உடை மாற்றும் அறையில் ஒருத்தியின் உடை கேஸ் விளக்கில் பற்றியது, காப்பாற்ற ஓடிவந்த மற்றவர்களையும் பிடித்துக்கொண்டது. சிலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். குறைந்தது ஆறு பெண்கள் மடிந்தார்கள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. மருந்து இல்லாமல் இவர்கள் சாகவில்லை. துணியை அம்மோனியம் உப்பு, வெங்காரம் போன்றவற்றின் கரைசலில் முக்கி எடுத்தால் தீப்பிடிப்பது குறையும் என்று கே-லூசாக் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1821-லேயே சொல்லிவிட்டார். அதுவும் நாடக அரங்குகளின் துணிகளுக்காக, அரசர் கேட்டதன் பேரில் செய்த ஆராய்ச்சி. தக்லியோனி அந்த வெள்ளைப் பாவாடையைக் கட்டுவதற்குப் பதினோரு வருஷம் முன்னால்! பிறகு கார்த்ரோன் என்பவர் இன்னொரு முறை கொண்டுவந்தார். 1859-இல் பிரெஞ்சு அரசாங்கம் மேடை உடைகளுக்கு அதைக் கட்டாயமாக்கி ஆணையே போட்டது.

ஆணை வந்தது, பாவாடை மாறவில்லை. உப்பில் முக்கிய துணி விறைத்து, வெண்மை போய் அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும். மேகம் போல மிதக்க வேண்டிய உடை சாக்குப்பை போலத் தொங்கினால் எந்தப் பெண் உடுத்துவாள்? எம்மா லிவ்ரி மறுத்துவிட்டார். தக்லியோனியின் செல்ல மாணவி. பதினாறு வயதில் அதே 'லா சில்ஃபீட்' நாட்டியத்தில் அறிமுகமானவர். வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன் என்று நிர்வாகத்துக்குக் கைப்பட எழுதியே கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் காட்டி, "அவரே கேட்டுக்கொண்டதுதானே" என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நெருப்பை அங்கே வைத்தவர் அந்தப் பெண் இல்லை. விளக்குக்குக் கம்பி வலை போட்டிருக்கலாம், தள்ளி வைத்திருக்கலாம். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் பாதுகாப்பா அழகா என்று கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

1860-இல் லிவ்ரிக்காகவே தக்லியோனி 'லெ பாப்பியோன்' என்ற பாலேயை அமைத்தார். இசை ஆஃபன்பாக். கதாநாயகி வண்ணத்துப்பூச்சியாக மாறி, தீவட்டியின் ஒளிக்கு மயங்கிப் போய்ச் சிறகு கருகுவாள். 1862 நவம்பர் 15, 'லா முவெட் தெ போர்த்திசி' என்ற இசைநாடகத்துக்கு ஒத்திகை. பேச்சில்லாத பெண் வேஷம் லிவ்ரிக்கு. தன் முறைக்காகக் காத்திருந்தவர் பாவாடை கசங்காமல் இருக்க அதை உதறி விரித்தார். விசிறி வீசின மாதிரி காற்று கிளம்பி, பக்கத்திலிருந்த கேஸ் விளக்கின் தீயை இழுத்துவிட்டது. எரிந்துகொண்டே மேடையின் குறுக்கே ஓடினார். பணியிலிருந்த தீயணைப்பு வீரர் ஒருவர் பிடித்துக் கம்பளியால் மூடித் தீயை அணைத்தார். எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலை 26 அன்று இறந்தார். வயது இருபதுதான். மான்மார்த்ர் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அன்றைய உடையில் மிஞ்சிய கருகிய துண்டுகள் பாரிஸ் ஆப்பெரா அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கின்றன.

அந்த அரங்கமே 1873-இல் எரிந்து சாம்பலானது. 1881-இல் லண்டன் சவாய் தியேட்டர் முழுக்க மின்விளக்குக்கு மாறியது. பிறகு மற்ற அரங்குகளும் ஒவ்வொன்றாக மாற, இந்தச் சாவுகள் குறைந்தன. பாவாடையைத் திருத்த முடியாததை பல்பு செய்தது.

அதே 1881-இல்தான் டெகா என்ற ஓவியர் பதினாலு வயது நடன மாணவியின் மெழுகுச் சிலைக்கு நிஜத் துணியில் பாவாடை கட்டிக் கண்காட்சியில் வைத்தார். டூட்டூ என்ற சொல்லும் பிரெஞ்சு மொழியில் அந்த வருஷத்திலிருந்துதான் காணக் கிடைக்கிறது. அர்த்தம் கேட்டால் சிரிப்பு வரும். பின்பக்கத்தைக் குழந்தைகளிடம் கொஞ்சிச் சொல்கிற மழலைச் சொல்லிலிருந்து வந்ததாம்.

பிறகு குட்டையானது மளமளவென்று நடந்தது. 1885-இல் ரஷ்யாவுக்குப் போன இத்தாலிக்காரர் விர்ஜீனியா சுக்கி, அரசாங்க அரங்கின் நீளப் பாவாடையைக் கட்ட மாட்டேன் என்று அடம்பிடித்துக் குட்டையாகவே ஆடினார். இன்னொரு இத்தாலிக்காரர் பியரினா லெக்னானி, ஒற்றைக் காலில் நின்றபடி 32 முறை சுழல்வதை 1895-இல் 'ஸ்வான் லேக்' நாட்டியத்தில் காட்டினார். தொடை தெரியாவிட்டால் அந்தச் சுழற்சி எப்படி நடக்கிறது என்று யாருக்குப் புரியும்? கமார்கோவின் அதே நியாயம்தான், பாவாடை மட்டும் இடுப்பு வரை வந்துவிட்டது.

அன்னப் பறவையாக ஆடிப் புகழ்பெற்ற அன்னா பாவ்லோவா நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். அவர் ஆட்டத்தைப் பார்த்து மயங்கிய ருக்மிணி தேவி, அவருடைய குழுவின் கிளியோ நோர்தியிடம் பாலே கற்றுக்கொண்டார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று பாவ்லோவா சொன்ன பிறகே பரதத்தின் பக்கம் திரும்பினார். 1935-இல் அடையாறில் அவர் ஆடியது நம்மில் பலருக்குத் தெரிந்த கதை.

இன்றைய டூட்டூவில் பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலைத்துணி இருக்கும். சிலவற்றில் தட்டையாக நிற்பதற்காக உள்ளே கம்பி வளையமும் உண்டு. கம்பி வைத்தால் பக்கத்தில் ஆடுபவர் உரசினதும் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். கார்க்கிவில் பிறந்து, நியூயார்க் பாலேயின் தையல் அறையை ஆண்ட பார்பரா கரின்ஸ்கா அம்மையார் 1950-இல் கம்பியை எடுத்துவிட்டு, குட்டை அடுக்குகளைத் தளர்வாக இணைத்துப் பவுடர் பஃப் மாதிரி ஒன்று தைத்தார். 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் உடைகளுக்காக ஆஸ்கர் பரிசில் பங்கு வாங்கியவரும் இவர்தான்.

இவ்வளவு பாடுபட்டுத் தைத்ததைத் துவைக்க முடியாது. தண்ணீர் பட்டால் விறைப்புப் போய்விடும். மடிக்கவும் கூடாது, தலைகீழாகத்தான் தொங்கவிட வேண்டும். வியர்வை வாடை போக உடை அறைக்காரர்கள் வோட்காவைத் தெளிப்பானில் ஊற்றி அடிப்பார்களாம். அது உலரும் வரை பக்கத்தில் யாரும் தீக்குச்சி உரசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.