தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய் (திரைப்படம்)

தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய் 1957-இல் வெளிவந்த போர்த் திரைப்படம். இயக்கியவர் டேவிட் லீன். தயாரித்தவர் சாம் ஸ்பீகல். வெளியிட்டது கொலம்பியா பிக்சர்ஸ். அலெக் கின்னஸ், வில்லியம் ஹோல்டன், ஜாக் ஹாக்கின்ஸ், செஷு ஹயகாவா ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதையைப் பின்னணியாகக் கொண்ட இப்படம் பெரும்பாலும் இலங்கையில் எடுக்கப்பட்டது. அசல் அளவில் மரப் பாலம் ஒன்றைக் கட்டி, அதன் மேல் ஓடும் ரயிலோடு தகர்த்த படப்பிடிப்பு திரைப்பட வரலாற்றில் தனி இடம் பெற்றது. படம் 7 ஆஸ்கர் விருதுகளை வென்றது.

மூலக்கதை

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-இல் எழுதிய நாவலே படத்தின் மூலம். பொறியியல் படித்த பூல், போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் பணிபுரிந்தவர். போர்க்காலத்தில் விடுதலை பிரான்ஸ் அணியில் சேர்ந்து, இந்தோசீனாவில் பிடிபட்டுச் சிறையிலிருந்து தப்பினார். சயாம் பாதை வேலையில் அவர் இருந்ததில்லை.

ஜப்பானிய முகாமில் கைதியாக இருக்கும் பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் நிக்கல்சன், தன் வீரர்களின் கட்டுப்பாடும் மன உறுதியும் குலையக் கூடாது என்பதற்காக எதிரிக்கே உறுதியான பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறார். கடைசியில் அது போருக்கு உதவுவது என்பதையே மறந்துவிடுகிறார். பகைவருக்குத் துணைபோன சில பிரெஞ்சு அதிகாரிகளை மனத்தில் வைத்தே இந்தப் பாத்திரத்தைப் படைத்ததாகப் பூல் கூறியிருக்கிறார். நாவலின் முடிவில் ரயில் தடம்புரள்கிறது, பாலம் அப்படியே நிற்கிறது. படத்தில் பாலம் தகர்கிறது. தயாரிப்பின் பெரும் செலவும் உழைப்பும் இந்த ஒரு மாற்றத்தைச் சுற்றியே அமைந்தன.

திரைக்கதையும் கறுப்புப் பட்டியலும்

நாவலின் திரைப்பட உரிமையை முதலில் பெற்றவர் கார்ல் ஃபோர்மன். ‘ஹை நூன்’ படத்தின் திரைக்கதை ஆசிரியரான இவர், கம்யூனிஸ்ட் தொடர்பு குறித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்குப் பின் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, இங்கிலாந்தில் குடியேறியிருந்தார். உரிமை ஸ்பீகலிடம் வந்தது. ஃபோர்மனே முதல் பிரதியை எழுதினார். லீனுக்கு அது பிடிக்கவில்லை. அதன் பிறகு மைக்கேல் வில்சன் அழைக்கப்பட்டார். அவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தவரே. இறுதி வடிவத்தின் பெரும்பகுதி லீனும் வில்சனும் சேர்ந்து உருவாக்கியது.

பட்டியலில் இருந்த இருவரின் பெயரையும் திரையில் காட்ட முடியாத நிலையில், திரைக்கதை ஆசிரியராகப் பூலின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. பிரெஞ்சில் மட்டுமே எழுதிவந்த அவருக்கு, 1958-இல் ஆங்கிலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் வழங்கப்பட்டது. அகாதமி இந்தத் தவறைத் திருத்த 1984 வரை ஆயிற்று. வில்சன் 1978-இலும் ஃபோர்மன் 1984-இலும் இறந்துவிட, விருது அவர்களது மனைவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் மீட்டெடுக்கப்பட்ட பிரதிகளில் இருவரின் பெயர்களும் சேர்க்கப்பட்டன.

நடிகர்கள்

நாவலில் பிரிட்டிஷ்காரரான ஷியர்ஸ் என்ற பாத்திரம், அமெரிக்கச் சந்தையைக் கருதி அமெரிக்கராக மாற்றப்பட்டு வில்லியம் ஹோல்டனுக்குத் தரப்பட்டது. அவரது ஒப்பந்தம் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது: 3 லட்சம் டாலர் ஊதியம், அதற்கு மேல் வசூலில் 10 விழுக்காடு; அந்தப் பங்கு ஆண்டுக்கு 50,000 டாலராகப் பிரித்துத் தரப்படும்.

நிக்கல்சன் வேடத்துக்குச் சார்லஸ் லாட்டனின் பெயரும் பேசப்பட்டது. அலெக் கின்னஸ் முதலில் மறுத்தார். அந்தக் கர்னலை யாராலும் நேசிக்க முடியாது என்பது அவர் எண்ணம். ஸ்பீகல் நேரில் பேசி இசைய வைத்தார். ஆனால் பாத்திரத்தின் தன்மை குறித்து இயக்குநருக்கும் நடிகருக்கும் படப்பிடிப்பு முழுதும் உரசல் நீடித்தது. கின்னஸ் கொஞ்சம் நகைச்சுவையும் கனிவும் சேர்க்க விரும்பினார். லீன் கேட்டது விதியைத் தவிர வேறெதையும் காணாத விறைப்பான மனிதரை. தகரக் கொட்டடித் தண்டனையிலிருந்து வெளியே வந்து, தள்ளாடியும் தலைகுனியாமலும் நிக்கல்சன் நடக்கும் காட்சிக்கு, போலியோவிலிருந்து தேறிவந்த தம் மகனின் நடையைக் கின்னஸ் முன்மாதிரியாகக் கொண்டார். தம் நடிப்பு வாழ்வின் சிறந்த தருணங்களில் ஒன்றாக அதைப் பின்னாளில் கருதினார்.

முகாம் தளபதி சைட்டோவாக நடித்த செஷு ஹயகாவா, பேசாப் படக் காலத்திலேயே ஹாலிவுட்டில் நாயகனாகப் புகழ்பெற்ற ஜப்பானியர். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது.

படப்பிடிப்புத் தலங்கள்

தாய்லாந்தில் உண்மைப் பாலம் நின்ற காஞ்சனபுரியின் நிலப்பரப்பு, லீன் தேடிய காட்சிக்கு ஈடு கொடுக்கவில்லை. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் களனி ஆறு காடடர்ந்த மலைகளுக்கிடையே இறங்கிவரும் கித்துல்கல தேர்ந்தெடுக்கப்பட்டது. கைதி முகாம் மகர கல்குவாரியில் எழுப்பப்பட்டது. ராணுவ மருத்துவமனையாகக் காட்டப்படுவது கொழும்புக்குத் தெற்கேயுள்ள மவுண்ட் லவினியா ஹோட்டல். கதையில் பாலத்தைத் தகர்க்க வரும் கமாண்டோ படையின் தலைமையகக் காட்சிகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் எடுக்கப்பட்டன.

1956 நவம்பரில் தொடங்கிய படப்பிடிப்பு 1957 மே வரை நீண்டது. வெப்பமும் ஈரமும் குழுவை வாட்டின. தளத்துக்குச் செல்லும் வழியில் நேர்ந்த கார் விபத்தில் உதவி இயக்குநர் ஜான் கெர்ரிசன் உயிரிழந்தார்; ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் காயமடைந்தார். ஆற்றில் நீந்தச் சென்ற லீனையே வெள்ளம் இழுத்துச் சென்றதும், இளம் நடிகர் ஜெஃப்ரி ஹார்ன் அவரைக் காப்பாற்றியதும் உண்டு.

பாலம்

கலை இயக்குநர் டொனால்ட் ஆஷ்டனின் வடிவத்தைக் கொண்டு, ஷெஃபீல்ட் நகரின் ஹஸ்பண்ட் அண்ட் கம்பெனி பொறியியல் நிறுவனம் பாலத்தைத் திட்டமிட்டது. ஏறத்தாழ 425 அடி நீளமும் 90 அடி உயரமும் கொண்ட அதன் கட்டுமானம், படப்பிடிப்புக்கு நெடுநாள் முன்னரே தொடங்கிவிட்டது. சுற்றுவட்டாரக் காடுகளில் வெட்டிய மரங்களை யானைகள் ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தன. ரயிலின் எடையை உண்மையிலேயே தாங்கவேண்டியிருந்ததால், அரங்கப் பொருள்போல் ஒப்புக்குக் கட்டிவிட முடியவில்லை.

பாலத்துக்கு 2,50,000 டாலர் செலவானதாகக் கொலம்பியா விளம்பரம் செய்தது. பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் கணக்கின்படி உண்மைச் செலவு சுமார் 52,000 டாலர்தான். படத்தின் மொத்தச் செலவு 30 லட்சம் டாலரை ஒட்டியது.

தகர்ப்புக் காட்சி

1957 மார்ச் 10 அன்று பாலத்தைத் தகர்க்க நாள் குறிக்கப்பட்டது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் அரசுப் பிரமுகர்களும் பார்வையாளர்களாக வந்திருந்தனர். ஒரே முறைதான் எடுக்க முடியும் என்பதால் பல கோணங்களில் கேமராக்கள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு ஒளிப்பதிவாளரும் கேமராவை ஓடவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் ஒரு விளக்கை எரியவிட வேண்டும். எல்லா விளக்குகளும் எரிந்த பின்பே வெடி. எஞ்சின் ஓட்டுநர் பாலத்தை நெருங்குமுன் குதித்துவிடுவார். ஆளில்லாத ரயில் தானே ஓடும்.

ரயில் புறப்பட்டுவிட்டது, ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபோர்ட் இன்னும் விலகவில்லை என்று அஞ்சிய லீன் வெடிப்பை நிறுத்தினார். ஆளில்லாத ரயில் பாலத்தைக் கடந்து, மறுகரையில் நின்ற ஜெனரேட்டரில் மோதித் தடம்புரண்டது. யாருக்கும் ஆபத்தில்லை. இரவோடிரவாக ரயிலைச் சீர்செய்து பாதையில் ஏற்றினர். மறுநாள் காலை, மீண்டும் வந்த பிரதமரின் முன்னிலையில் பாலமும் ரயிலும் திட்டப்படி ஆற்றில் விழுந்தன.

கதையில் இந்த வெடிப்பு எவ்வாறு நேர்கிறது என்பது இன்றும் விவாதப் பொருள். குண்டடிபட்ட நிக்கல்சன் வெடிக்கருவியின் கைப்பிடி மீது சாய்கிறார். தன் பிழையை உணர்ந்து வேண்டுமென்றே விழுந்தாரா, நினைவிழந்து விழுந்தாரா என்பதைப் படம் திறந்தே வைத்திருக்கிறது.

இசை

கைதிகள் சீழ்க்கையடித்தபடி முகாமுக்குள் அணிவகுக்கும் மெட்டு ‘கர்னல் போகி மார்ச்’. பிரிட்டிஷ் ராணுவ இசைக்குழுத் தலைவர் எஃப். ஜே. ரிக்கெட்ஸ், கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில் 1914-இல் இயற்றியது. போர்க்கால வீரர்கள் இம்மெட்டுக்கு ஹிட்லரைப் பழித்து ஆபாச வரிகளைப் பாடிவந்தனர். அவை தணிக்கையைத் தாண்டாது என்பதால் சீழ்க்கை மட்டும் எஞ்சியது. வரிகளை அறிந்த ரசிகர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்ட் அதனோடு இழையும் இன்னொரு அணிவகுப்பு மெட்டையும் சேர்த்தார். இரண்டையும் இணைத்து மிட்ச் மில்லர் வெளியிட்ட இசைத்தட்டு அமெரிக்காவில் பெரிதும் விற்றது.

வெளியீடும் விருதுகளும்

படம் 1957 அக்டோபர் 2 அன்று லண்டனிலும், டிசம்பரில் அமெரிக்காவிலும் வெளியாகி, அந்த ஆண்டின் மிகப் பெரிய வசூல் படங்களின் வரிசையில் முன்னணியில் நின்றது. சிறந்த படம், இயக்கம், நடிகர் (கின்னஸ்), தழுவல் திரைக்கதை, ஒளிப்பதிவு (ஜாக் ஹில்ட்யார்ட்), படத்தொகுப்பு (பீட்டர் டெய்லர்), இசை ஆகியவற்றுக்கு ஆஸ்கர் கிடைத்தது. சிறிய அளவிலான பிரிட்டிஷ் படங்களால் அறியப்பட்டிருந்த லீன், இதன் பின்னர் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) போன்ற பிரம்மாண்டப் படங்களின் இயக்குநரானார்.

வரலாறும் படமும்

சயாம்–பர்மா பாதை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை சுமார் 415 கி.மீ. நீண்டது; 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை கட்டப்பட்டது. காஞ்சனபுரியருகே தமர்க்கானில் ஒரு மரப் பாலமும் ஓர் இரும்புப் பாலமும் எழுந்தன. இரண்டும் 1945-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அங்கிருந்த கைதிகளின் தலைமை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப் டூசி, நிக்கல்சனுக்கு நேர் எதிரானவர். வேலையைத் தாமதப்படுத்தவும், மரத் தூண்களில் கறையான்களை விடவும் அவருடைய ஆட்கள் முயன்றனர். ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியாது என்று படம் காட்டுவதும் உண்மையன்று. முன்னாள் கைதிகள் பலர் இவற்றைக் கண்டித்தனர்.

படம் முற்றிலும் விட்டுவிட்டது ஆசியத் தொழிலாளர்களை. பாதையில் உழைத்த நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்தை ஒட்டியவர்கள். அவர்களில் சுமார் 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பர்மியர், ஜாவாவினர், மலாய்க்காரர், சீனர் ஆகியோருடன் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும் பெருந்தொகையினர். ராணுவ அமைப்போ மருத்துவர்களோ இல்லாத அவர்களது முகாம்களில் காலராவும் பட்டினியும் கூடுதலாகக் கொன்றன. படத்தில் காணப்படும் முகாமில் இவர்களுக்கு இடமில்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் இவர்களின் அனுபவத்தைக் களமாகக் கொண்டது.

பிற்காலத் தாக்கம்

உண்மைப் பாலம் நின்றது மே குளோங் ஆற்றின் மீது. படம் பார்த்துக் குவாய் நதியைத் தேடி வந்த பயணிகளுக்காக, தாய்லாந்து அரசு 1960-இல் அப்பகுதி ஆற்றுக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றியது. கித்துல்கலயில் பாலத்தின் அடித்தளங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. 1997-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. 1998-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட நூறு சிறந்த அமெரிக்கப் படங்களின் பட்டியலில் 13-ஆம் இடம் பெற்றது.