மருந்தாக்கியல் கல்வியின் வாயில்

முன்னாளில் சித்தூர் போன்ற ஊர்களில், மருத்துவர் எழுதிய சீட்டைப் பெற்று, மருந்துகளை நிறுத்தும் அளந்தும் கலந்து, புட்டியின் பக்கத்தில் வேளைக்கோர் அளவு காட்டும் தாளை ஒட்டித் தந்தவரை மக்கள் ‘கம்பவுண்டர்’ என்று அழைத்தனர். அவருள் பலர் தம் தொழிலை ஏட்டில் கற்றவரல்லர். அருகிருந்து பார்த்துப் பழகியவர். கைப்பழக்கமாக இருந்த அத்தொழில், குறித்த பள்ளிப் பாடங்களைக் கற்றோர்க்கே வாயில் திறக்கும் உயர்கல்வியாக மாறிய வரலாற்றை நாம் காண்போம். ஆந்திரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு இது வெறும் பழங்கதையன்று.

குயினைன் போன்ற உயிர்காக்கும் மருந்துகளிலும் கலப்படம் மலிந்திருந்த காலம் ஒன்று உண்டு. அதனை ஆராய 1930-ஆம் ஆண்டில் கர்னல் சோப்ரா தலைமையில் ஒரு குழு அமைந்தது. தூய மருந்தும் தேர்ந்த மருந்தாளுநரும் ஒருங்கே வேண்டும் என்பது அதன் ஆய்வால் தெளிவாயிற்று. 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவலால் ஷ்ராப் இத்துறைக் கல்வியைத் தொடங்கிவைத்தார். 1948-இல் மருந்தாக்கியல் சட்டம் பிறந்தது. மருத்துவமனையில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலந்து பழகியவர்களையும் முதற் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள அச்சட்டம் இடமளித்தது. பழையவர்களின் பிழைப்பைப் பறிக்காமல், புதியவர்களுக்குக் கல்வியை விதித்த நேர்மை அது. 1953-இல் முதற் கல்வி விதிமுறைகள் வந்தன.

அதே 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்த ஆந்திர மாநிலத்தில் சித்தூர் மாவட்டம் சேர்ந்தது. மறு ஆண்டில் திருப்பதியில் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1983-இல் அதே நகரில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் தோன்றியது. மருந்தாக்கியல் இன்று அங்கும் கற்பிக்கப்படுகிறது. ஊரை விட்டுச் செல்லாமலே இக்கல்வியைப் பெறும் வாய்ப்பு இப்பகுதிப் பெண்களுக்குக் கிட்டியது.

இனி, முன்கற்க வேண்டிய பாடங்கள் யாவை? மருந்தாளுநர் பட்டப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் ஆங்கிலமும், பௌதிகமும், இரசாயனமும் இன்றியமையாதவை. அவற்றோடு கணிதமோ உயிரியலோ ஒன்று போதும். கணிதம் பயின்று வருவோர்க்கு உயிரியலும், உயிரியல் பயின்று வருவோர்க்குக் கணிதமும் முதற் பருவத்திலேயே ஈடுசெய் பாடமாக வைக்கப்பட்டுள்ளன. ஆகவே அவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் வழியுண்டு. இரசாயனம் குறைந்தால் வழியில்லை. பதினைந்து வயதில் வணிகப் பிரிவைத் தேர்ந்த பிள்ளைக்கு, பிறகு எவ்வளவு ஆர்வம் பிறந்தாலும் இவ்வாயில் மூடியதே.

பாடத்தினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. 1974-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, ஆந்திரத்தின் உயர்கல்வி இடங்களில் 85 விழுக்காட்டை அந்தந்த வட்டார மாணவர்க்கென ஒதுக்கிற்று. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டில் முடியும்படி, தொடர்ந்து நான்கு கல்வியாண்டுகள் அவ்வட்டாரத்தில் பயின்றவரே வட்டார மாணவர் என்பது அதன் முதன்மையான இலக்கணம். எண்ணிப் பாருங்கள்: பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து நான்காண்டு பின்னோக்கினால் ஒன்பதாம் வகுப்பு வந்துவிடுகிறது!

திருப்பதியில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்தார், “மேல்வகுப்பைத் தாத்தா வீட்டிலிருந்து படிக்கட்டும்” என்று பிள்ளையைச் சென்னைக்கோ வேலூருக்கோ அனுப்புவது உண்டு. அன்பினால் செய்யும் அச்செயலால் வட்டார உரிமை கைநழுவக்கூடும். தமிழ்நாட்டு மாணவராகவும் கொள்ளப்படாமல், ஆந்திர மாணவராகவும் கொள்ளப்படாமல் பிள்ளை இடையில் நின்று தவிக்கும் நிலை நேராமல் காப்பது பெற்றோர் கடமை. விதிகள் காலந்தோறும் திருத்தப்படுவன; எனவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துத் தெளிந்த பின்னரே பள்ளியை மாற்ற வேண்டும். ஒவ்வோராண்டின் படிப்புச் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருத்தல் நலம்.

அன்று கம்பவுண்டருக்கு அனுபவமே சான்றாயிற்று. இன்று அந்தச் சான்று ஒன்பதாம் வகுப்பிலேயே எழுதத் தொடங்கப்படுகிறது. பிறர் உயிரைக் காக்கும் தொழிலுக்குப் பிள்ளையை அனுப்ப விரும்புவோர், அத்தொழிலுக்கு உரிய நிதானத்தைத் தாமும் முன்னதாகவே மேற்கொள்வாராக.