வடசென்னையின் சங்கீத பாத்தியதை

சென்னைப் பட்டணத்துச் சங்கீதம் என்று சொன்ன மாத்திரத்தில் மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் நினைத்துக்கொள்வதும், ராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்றால் துறைமுகத்தையும் எண்ணெய்க் கிடங்குகளையும் அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் நினைத்துக்கொள்வதும் நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டன. ஆனால், இன்று எந்தக் கச்சேரிக்குப் போனாலும், பாடகருக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு அமர்ந்து, ராகத்தின் ஒவ்வொரு பிடியையும் விடாமல் பின்தொடர்ந்து வாசிக்கிற பிடில் வித்வானைக் காண்கிறோமே, அந்த வாத்தியம் கர்நாடக சங்கீதத்துக்குள் பிரவேசித்த கதை மணலி முதலியார் ஒருவரின் ஆதரவில் தொடங்கியது என்பதை எத்தனை ரசிகர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள்?

அந்தக் கதைக்கும் முந்தியது இவ்வூர்களின் இசைத் தொடர்பு. திருவொற்றியூர் தேவார மூவரும் பாடிய தலம். சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாரை மணந்த தலம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜாதிராஜ சோழன் பங்குனி உத்திரத் திருவிழாவுக்கு இங்கே எழுந்தருளி, மகிழ மரத்தடியில், மடாதிபதியான சதுரானன பண்டிதர் முதலியவரோடு அமர்ந்து, ஆளுடைய நம்பியாகிய சுந்தரரின் புராணத்தைச் செவிமடுத்தான் என்று கோயிற் கல்வெட்டு கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில், மூன்றாம் இராஜராஜனின் பத்தொன்பதாம் ஆட்சியாண்டில், உறவாக்கின தலைக்கோலி என்ற பெண்மணி அகமார்க்கம் என்னும் வகையில் பாடியதை அரசன் கேட்டு மகிழ்ந்து, மணலியில் 60 வேலி நிலத்தைத் தானமாக அளித்து, அந்நிலத்துக்கு உறவாக்கினநல்லூர் என்று அவள் பெயரையே சூட்டினான். பாட்டுக்குப் பரிசாக நிலம் கொடுத்த அரசர் பலர் உண்டு; பாடியவளின் பெயரை ஊருக்கே வைத்த செய்தியைப் படிக்கும்போது எனக்கு உண்டாகிற பெருமிதத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

அதே மணலிக்கு, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு, சங்கீதம் மறுபடியும் குடிவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய மணலி முத்துகிருஷ்ண முதலியார், திருவாரூருக்குச் சென்றிருந்தபோது ராமஸ்வாமி தீக்ஷிதரின் வித்வத்தைக் கண்டு வியந்து, அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துவந்து ஆதரித்தார். தீக்ஷிதரின் மூத்த குமாரர் முத்துஸ்வாமி, சிதம்பரநாத யோகியைச் சந்தித்து அவரோடு காசிக்குப் புறப்பட்டது மணலியிலிருந்துதான். ஆண்டுகள் பல கழித்து அவர் தாய் தந்தையரிடம் திரும்பி வந்ததும் மணலிக்குத்தான். முத்துகிருஷ்ண முதலியாரின் குமாரர் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்று வழங்கப்பட்டவர், தீக்ஷித சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். இளையவரான பாலுஸ்வாமிக்கு (1786–1858) பிடில்மீது ஆசை விழுந்தது. ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரைக் கொண்டு அவருக்கு அதைக் கற்பிக்கவும் முதலியார் ஏற்பாடு செய்தார். இவற்றையெல்லாம் பாலுஸ்வாமியின் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீக்ஷிதர், 1904-இல் எட்டயபுரத்தில் வெளியான தம் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் எழுதிவைத்திருக்கிறார்.

இங்கே நடந்த காரியத்தின் நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பியர் பிடிலை மோவாய்க்கும் தோளுக்கும் இடையே இடுக்கி, நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பர். நாமோ தரையில் அமர்ந்து, வாத்தியத்தின் சுருண்ட முனையை வலது கணுக்காலின் மேல் இருத்தி, மறுமுனையை மார்பிலோ தோளிலோ சாய்த்துக்கொள்கிறோம். இந்த மாற்றத்தினால், வாத்தியத்தைத் தாங்குகிற பொறுப்பிலிருந்து இடக்கை முழு விடுதலை பெற்று, தந்தியின் மேலும் கீழும் தடையின்றி வழுக்கிச் செல்லவும், கமகங்களைக் குரலுக்கு ஒப்பாகப் பிடிக்கவும் முடிந்தது. தந்திகளும் ஸட்ஜ, பஞ்சம, ஸட்ஜ, பஞ்சமமாகச் சுருதி கூட்டப்பட்டு நம் வழிக்கு வந்தன. இப்பழக்கங்கள் எல்லாம் ஒரே நாளில், ஒரே மனிதரால் அமைந்தவை என்று நான் சொல்லவில்லை. தஞ்சை நால்வரில் வடிவேலு முதலானோருக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆயினும், பாலுஸ்வாமி தீக்ஷிதருக்கு மணலி முதலியார் அளித்த ஆதரவு அந்த மாற்றத்துக்கு ஆதி காரணங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதரும், கோட்டையில் கேட்ட மேனாட்டு மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருத சாஹித்தியம் அமைத்தார். நோட்டு ஸ்வரங்கள் என்ற பெயரோடு இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகிற அவை, கமகம் கலவாமல் சங்கராபரண ஸ்வரங்களிலேயே நடப்பவை. அவற்றுள் ஒன்று இங்கிலாந்து அரசரின் வாழ்த்துப்பாட்டு மெட்டிலேயே அமைந்தது.

திருவொற்றியூரின் பங்கு வேறு விதமானது. தியாகராஜ ஸ்வாமிகளின் பிரதான சிஷ்யர்களுள் ஒருவரான வீணை குப்பய்யர் இவ்வூரைச் சேர்ந்தவர். வாய்ப்பாட்டிலும் வீணையிலும் ஒருங்கே தேர்ந்தவர்; கோவூர் சுந்தரேச முதலியாரின் ஆதரவைப் பெற்றவர். ஸ்வாமிகள் இப்பக்கம் வந்தபோது கோவூருக்கும் திருவொற்றியூருக்கும் எழுந்தருளி, திரிபுரசுந்தரி என்னும் வடிவுடையம்மன்மீது ஆரபி, பேகடை, கல்யாணி, சாவேரி, சுத்த சாவேரி ஆகிய ஐந்து ராகங்களில் ஐந்து கிருதிகள் அருளினார். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்பது இதுவே. திருவையாற்று ஆராதனையில் பாடப்படும் கனராகப் பஞ்சரத்தினத்துக்குக் கிடைத்த கீர்த்தியில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாளைய குறை.

குப்பய்யர் தம் குமாரருக்குத் தியாகராஜன் என்ற திருநாமத்தையே இட்டார். அவரே திருவொற்றியூர்த் தியாகய்யர் (1845–1917). தந்தையும் மகனும் வர்ணங்கள் இயற்றுவதில் தனிப் புகழ் பெற்றவர்கள். 1900-இல் தியாகய்யர் வெளியிட்ட ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ அக்காலத்து அச்சு நூல்களுள் குறிப்பிடத்தக்கது.

சென்ற மார்கழியில் ஒரு பிற்பகல் கச்சேரி கேட்கப் போயிருந்தேன். பாடிய இளம்பெண் ஸஹானா ராகத்தில் ‘கருணிம்ப’ என்னும் ஆதிதாள வர்ணத்தோடு ஆரம்பித்தார். அது தியாகய்யர் செய்தது. வர்ணத்தைக் குரல் பதப்படுத்துவதற்கான பயிற்சியாகக் கருதி விரைந்து முடித்துவிடுகிற இந்நாளில், அந்தப் பெண் முதற்காலத்தை அவசரப்படாமல் எடுத்துக்கொண்டு, அவரோகணத்தில் மத்தியமத்திலிருந்து ரிஷபத்துக்கு இறங்கிப் பின் காந்தாரத்துக்கு ஏறி மீண்டும் ரிஷபத்தில் அமர்கிற அந்த வக்ரப் பிடியை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொன்னார். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய உருப்படியே ஆயினும், அன்றைக்குத்தான் அதன் அமைப்பு எனக்கு முழுமையாகப் புலனாயிற்று. மறு வாரமே, அதை இயற்றியவரின் ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலோடு திருவொற்றியூருக்குச் சென்று, கஜபிருஷ்ட வடிவமான ஆதிபுரீசர் விமானத்தை வலம் வந்து, வடிவுடையம்மன் சந்நிதியில் சாயரட்சை நாகஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். சந்நிதித் தெருவுக்கு வெளியே, துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

வடக்கிலிருந்து சங்கீதம் தெற்கே நகர்ந்த கதை சுருக்கமானது. வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமை வாசிப்பும், 1915-இல் எழுந்த கோகலே மண்டபத்துக் கச்சேரிகளும் ஜார்ஜ் டவுனுக்கு உரியவை. வித்வான்களும் தனவந்தர்களும் வக்கீல்களும் மெல்ல மெல்லத் தெற்கே குடிபெயர்ந்தனர். சபைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. வடக்கே ஆலைகள் பெருகின. உறவாக்கின தலைக்கோலிக்கு நிலம் கொடுத்த மணலியில் 1960-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது.

ஆனால் இங்கே பாட்டு நின்றுவிட்டது என்று எண்ணுவோர், காசிமேட்டிலும் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் சாவு வீட்டில் இரவெல்லாம் கானா பாடுகிறவர்களைக் கேட்டதில்லை என்றே சொல்வேன். இழப்பையும் பசியையும் தத்துவத்தையும் உழைப்பாளியின் பேச்சு மொழியிலேயே பாடுகிற அந்தக் கலை, 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினரால் பெரிய மேடையேறியது. அதற்கு ஓராண்டு முன்னர், எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பற் சேற்றில் நின்று டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ வெளியாயிற்று. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுதிய அப்பாட்டில் ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி முதலிய ராகங்கள் மாலையாக வருகின்றன. தியாகராஜ ஸ்வாமிகள் திரிபுரசுந்தரியைப் பாடிய அதே பேகடை, அந்தக் கரையிலேயே, அழிந்துவருகிற ஆற்றுக்காக ஒலித்தது. சம்பிரதாயத்துக்கு இது பொருந்துமா என்று கேட்டவர்கள் உண்டு. கோட்டைப் பாண்டு மெட்டுக்கே சாஹித்தியம் செய்த தீக்ஷிதரின் சம்பிரதாயத்துக்கு இது முற்றும் பொருந்தும் என்பதே என் தீர்மானம்.

சபைகளை நடத்தும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது: மார்கழிக் கச்சேரிகளில் ஒன்றையாவது திருவொற்றியூரில் வையுங்கள், திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினத்தின் ஐந்து கிருதிகளையும் வடிவுடையம்மன் சந்நிதிக்கு அருகிலேயே முழுமையாகப் பாடச் செய்யுங்கள், அதே மேடையில் கானா பாடுகிறவர்களுக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். ரசிகர்கள் தூரத்தைக் காரணம் காட்டவும் இடமில்லை. மெட்ரோ ரயிலில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால், கோயிலுக்கு நடந்தே போய்விடலாம்.